முதுகில் இருந்த பெயர்

ஸ்டெல்லா சிஸ்டர் முட்டையை உரித்துக் கொடுத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் சிகாமணி இந்நேரம் தொடை வலியையும் இடுப்பு வலியையும் தவிர வேறு கவலை இல்லாத மனிதனாக நாங்குநேரி டோல்கேட்டைத் தாண்டி மிதித்துக்கொண்டிருப்பான். சென்னையில் கிளம்பி இது எட்டாவது நாள், கடைசி நாள். மத்தியானத்துக்குள் கன்னியாகுமரி. புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக நாற்பது பேர் சைக்கிள் மிதிக்கிறார்கள்; அதில் பாதிப் பேர் அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள், சிகாமணியும் ஒருவன். முன்னால் ஒரு வேன், வேனில் தண்ணீர், வாழைப்பழம், பஞ்சர் சாமான், அப்புறம் ஸ்டெல்லா சிஸ்டர். ஏழு நாளும் காலைப் பலகாரத்தோடு ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை உண்டு. ஏழு நாளும் சிஸ்டர் அதை ஓட்டோடு தட்டில் டொக்கென்று வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். இரண்டாம் நாள் விழுப்புரத்தில், சொந்த ஊர் வந்துவிட்ட தெம்பில், "உரிச்சுக் குடுத்தா ஆகாதா சிஸ்டர்" என்று சிகாமணி கேட்டுப் பார்த்தான். "கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? ஊசி குத்தின கைக்குத்தான் நான் உரிச்சுக் குடுப்பேன்" என்றார்கள். அதுதான் சிஸ்டர். குழந்தைகள் வார்டில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர்கள், குரல் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. அப்பேர்ப்பட்டவர்கள் இன்று காலை திருநெல்வேலிக் கல்யாண மண்டபத்தில் அவன் தட்டிலிருந்த இரண்டு முட்டையையும் உரித்து, நடுவில் கீறி, உப்பும் மிளகும் தூவி வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துபோனார்கள். வார்டில் வேலை பார்ப்பவர்கள் திட்டிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை, அன்பாகப் பேச ஆரம்பித்தால்தான் ஆபத்து; இது அவன் இரண்டரை வருஷம் மகளோடு அங்கே கிடந்து படித்த பாடம். நிறைமதிக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன அன்றைக்கு டாக்டர் முதலில் சொன்னது "உக்காருங்க" என்பதைத்தான். அதுவரை நின்றபடியேதான் எல்லாம் கேட்டிருந்தான். எங்கிருந்தோ ஒரு நாற்காலி வந்தது. அந்த நாற்காலியைக் கண்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்துவிடும் அவனுக்கு. பதினெட்டு வருஷமாக ரயிலில் டிக்கெட் பரிசோதகன். டிக்கெட் இல்லாதவன் ஓடி ஒளிவான் என்று சினிமா பார்த்தவர்கள் நினைப்பார்கள். அவன் ஓட மாட்டான். கறுப்புக் கோட்டைக் கண்டதும் முதலில் சிரிப்பான். "வாங்க சார், உக்காருங்க சார், கூட்டம் ஜாஸ்தி இல்ல இன்னிக்கு" என்பான். பெட்டியை நகர்த்தி வழி விடுவான். டிக்கெட் வைத்திருப்பவனோ எங்கேயோ பார்த்துக்கொண்டு கையை மட்டும் நீட்டுவான். ஆகவே சிகாமணிக்கு மரியாதை என்றாலே மூக்கில் வியர்க்கும். வீட்டில் பெண்டாட்டி தில்லை காப்பியோடு இரண்டு முறுக்கு சேர்த்து வைத்தால், "என்ன செலவு" என்றுதான் கேட்பான். "ஒரு முறுக்கை நிம்மதியாத் தின்னத் தெரியுதா உங்களுக்கு" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். தெரியவில்லைதான். இப்போது வயிற்றுக்குள் கிடக்கிற முட்டைகூட நிம்மதியாக இல்லை; வலப்பக்கம் மலை தெரிய ஆரம்பித்ததிலிருந்து ஏப்பமாக வந்துகொண்டிருக்கிறது. காற்றும் ஆரம்பித்துவிட்டது. ஆடிக் காற்று. மேற்கே மலையிடுக்கில் புகுந்து குறுக்காக வருகிறது, நேராக வந்தால்கூடத் தலையைக் குனிந்து சமாளிக்கலாம். இது வலது தோளைப் பிடித்துச் சாலை ஓரத்து மண்ணுக்குள் தள்ளப் பார்க்கிறது. ஒரு லாரி கடந்துபோகும்போது மட்டும் ஒரு நொடி காற்று நின்று, தள்ளுவதற்கு எதிராக அவன் கொடுத்துவைத்திருந்த பலமெல்லாம் அவனையே லாரிப் பக்கமாக இழுத்துவிடும். முதுகில் இடது தோள்பட்டைக்குக் கீழே ஊக்கு ஒன்று குத்திக்கொண்டே இருக்கிறது. குனிந்தால் குத்துகிறது, நிமிர்ந்தால் காற்று. சிஸ்டர் குத்திய ஊக்கு. அதுவும் ஒரு கணக்கு. ஏழு நாளாக அதைக் குத்திவிட்டது தொம்மை.

இந்தப் பயணத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் வார்டு குழந்தைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு எந்தப் பெயர் வருகிறதோ அந்தக் குழந்தையின் பெயரைக் காடாத்துணியில் பெரிதாக எழுதி முதுகில் ஊக்குக் குத்திக்கொண்டு கன்னியாகுமரிவரை மிதிக்க வேண்டும். பெற்றவன் தன் பிள்ளை பெயரைச் சுமக்கக் கூடாது. தன் சீட்டே வந்தால் மறுபடி வாளியில் போட்டுவிட வேண்டும். தன் துணியைத் தானே குத்திக்கொள்ளவும் கூடாது, பக்கத்திலிருப்பவர் குத்திவிட வேண்டும். சிகாமணிக்கு இதெல்லாம் முதலில் சின்னப்பிள்ளை விளையாட்டாகத்தான் பட்டது. அவனுக்கு வந்த சீட்டு ரெமிஜியுஸ், மணப்பாட்டுத் தொம்மையின் மகன், பதினொரு வயது. தொம்மைக்கு வந்த சீட்டு நிறைமதி. "பாத்தீயளா அண்ணாச்சி, ஆண்டவர் நம்ம ரெண்டு பேரையும் முடிச்சுப் போட்டுட்டாரு" என்று தொம்மை கட்டிக்கொண்டான். மீன்பிடி வள்ளத்து எஞ்சின் ரிப்பேர் செய்கிறவன், உடம்பெல்லாம் டீசல் வாசனை, யார் சைக்கிளில் செயின் கழன்றாலும் அவன்தான் ஓடுவான். சீட்டு எடுத்ததும் அந்தக் குழந்தையோடு போனில் ஒரு தடவை பேச வேண்டும், அதுவும் வழக்கம். ரெமிஜியுஸ் போனில் மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேசினான். "மாமா, நீங்க ரொம்ப மெல்லத்தான் ஓட்டுவீங்களாம்லா, அப்பா சொன்னாவ." "ஆமாடா, தொப்பை இருக்கு." "பரவால்ல. ஆனா ரோட்டுல யாராச்சும் கேட்டா எம்பேரை முழுசாச் சொல்லணும். எல்லாரும் ரெமி ரெமின்னு பாதியத்தான் சொல்லுதாங்க." சொல்கிறேன் என்றான் சிகாமணி. ஐந்து நாள் சொன்னான். டீக்கடையில், பெட்ரோல் பங்கில், எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அது என்ன பேரு என்று கேட்டவர்களிடமெல்லாம் ரெமிஜியுஸ் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். ரயில் சார்ட்டில் எத்தனை பெயர் வாசித்த வாய். ஆறாம் நாள் கோவில்பட்டியில், வெயிலும் களைப்புமாக இருந்தபோது ஒருத்தன் கேட்டான். "ரெமி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான். அது இப்போது எதற்கு நினைவுக்கு வருகிறது என்று தெரியவில்லை. ஊக்கு குத்துவதால் இருக்கும். இன்று காலை சிஸ்டர் அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி நான்கு மூலையிலும் தானே குத்தினார்கள், ரொம்ப நேரம் குத்தினார்கள். குத்தி முடித்த பிறகும் உள்ளங்கை முதுகிலேயே இருந்தது. சூடாக இருந்தது அந்தக் கை.

தொம்மை எங்கே என்று கேட்டதற்கு, "முட்டி வலின்னு விடியறதுக்கு முன்னயே ஊருக்குப் போயிட்டாரு" என்றார்கள். முட்டி வலியாம். நேற்று ராத்திரி கல்யாண மண்டபத்து மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவிப் போனவனுக்கு விடிவதற்குள் முட்டி வலி. சரி, வலி என்றே வைத்துக்கொள்வோம். கன்னியாகுமரிக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர் இருக்கையில், மகனைக் காரில் அங்கே வரச் சொல்லியிருக்கிறேன், கடலைப் பார்த்து நின்று கையசைப்பான் என்று ஏழு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், வேனில் உட்கார்ந்தாவது வரமாட்டானா? முடியாத நாளில் வேனில் ஏறுவது ஒன்றும் கேவலமில்லை, சிகாமணியே விராலிமலை ஏற்றத்தில் ஏறியிருக்கிறான். அதையும் விடு. அந்தத் துணி. குளித்துவிட்டு வந்தபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்களே, அப்போது அவன் பாட்டிலை எடுக்க வேனுக்குப் போனான். டிரைவர் சீட்டுக்கு முன்னால், கண்ணாடியை ஒட்டி, நான்காக மடித்த காடாத்துணி. மடிப்புக்கு வெளியே 'நிறை' என்று மட்டும் தெரிந்தது, தன் மகளின் பெயரில் பாதி. டிரைவர் ஏழுமலை அதைக் கண்டுவிட்டு, அவன் கண்டுவிட்டதையும் கண்டுவிட்டு, சட்டென்று துணியைக் கவிழ்த்துப் பேப்பரைத் தூக்கி மேலே போட்டான். "இன்னா சார், தண்ணியா, நான் தரேன் சார், நீ போ சார்" என்றான். எட்டு நாளில் ஏழுமலை யாருக்கும் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. தொம்மை ஊருக்குப் போனதால் துணி வேனுக்கு வந்தது, நியாயம்தான். அப்படியானால் இன்னொரு ஆள் முதுகில் குத்தியிருக்கலாமே. மதுரையில் ஒருத்தர் காய்ச்சலில் கழன்றுகொண்டபோது உடனே வேறு ஆளுக்குக் குத்தினார்களே. எதற்குக் கவிழ்க்க வேண்டும்? எதற்குப் பேப்பரைப் போட்டு மூட வேண்டும்? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள் என்று போன வருஷம் வந்த ஒருத்தர் திண்டிவனத்தில் சொன்னார். இதற்கு மேல் போன் வேறு. "குடுங்க, சார்ஜ் போட்டு வைக்கிறேன்" என்று சிஸ்டர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். எண்பது சதவீதம் இருந்தது சார்ஜ்.

அடுத்த கிலோமீட்டர் கல் வரைக்கும் போய்விட்டுக் கேட்டுவிடலாம் என்று நினைத்தான். கல் வந்தது, போனது. வள்ளியூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கலாம். கேட்டால் பதில் வரும், அதுதான் சங்கடம். கேட்காதவரைக்கும் நிறைமதி விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, தோசையின் ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு நடுவை மீதி வைத்துக்கொண்டு இருப்பாள். ஒன்பது வயது. சிகிச்சை முடிந்து இரண்டு வருஷம். தலைமுடி திரும்ப வந்தபோது சுருட்டையாக வந்தது. வீட்டில் யாருக்கும் சுருட்டை கிடையாது, தில்லைக்கு அதில் அப்படி ஒரு பெருமை. போன வாரத்துக்கு முந்தின வாரம் நான்கு நாள் காய்ச்சல். தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக ஒரு தடம். "சைக்கிள்ல இருந்து விழுந்தேம்பா" என்றாள். விழுந்தால் முட்டியில்தானே சிராய்ப்பு இருக்கும், தொடையில் எப்படி வரும்? முதல் தடவையும் நீலம்தான். அன்றைக்கும் தில்லை நான்கு நாள் மறைத்தாள். அவன் தொடர்ந்து வெளியூர் டூட்டியில் இருந்தான். தினமும் போனில் பேசினாள், "சாப்டீங்களா" என்று இரண்டு தடவை கேட்டாள், குழந்தை உடம்பில் கன்னிப்போய் இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. "டூட்டில இருக்கற மனுஷன்கிட்ட எதுக்கு சொல்லிக் கலவரப்படுத்தணும்னுதான்" என்று அப்புறம் அழுதாள். அவன் அதை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாகத்தான் இரண்டு பேரும் நடந்துகொள்கிறார்கள். இந்தத் தடவை ரத்தம் எடுத்தது முந்தாநாள். நான் திரும்பி வந்துவிடுகிறேன், சைக்கிளும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றுதான் அவன் போனில் சொன்னான். "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன், ரிப்போர்ட் வர ரெண்டு நாளாவும்" என்று வரவிடாமல் தடுத்தது அவள். எதற்குத் தடுத்தாள்? இன்று காலை ஐந்தரைக்குப் போனில் பேசினாள். "சாப்டீங்களா?" "மணி அஞ்சரைடி." "ஆமால்ல. காத்து அடிக்குமாம் அங்க, பாத்து போங்க. சாப்டீங்களா?" இரண்டு தடவை. சிகாமணி மிதிப்பதை நிறுத்திவிட்டான், சைக்கிள் அதுவாக உருண்டது. இரண்டு தடவை கேட்டாள். இதை இவ்வளவு நேரம் எப்படிக் கவனிக்காமல் இருந்தோம் என்று அவனுக்குத் தன்மீதே கோபம் வந்தது.

பணகுடி தாண்டியதும் காற்றாலைக் காற்றாடிகள் வந்துவிட்டன. இரண்டு பக்கமும் வயல்களில், பொட்டலில், வீட்டுக் கொல்லைகளில்கூட வெள்ளை வெள்ளையாக நின்று சுற்றுகின்றன. அவற்றின் நிழல் சாலையில் விழுந்து குறுக்கே ஓடுகிறது, ஒவ்வொரு தடவையும் ஏதோ வண்டி இடிக்க வருகிறது என்று அவன் பிரேக்கைப் பிடித்தான். யாரும் கிண்டல் செய்யவில்லை. அதுவும் சரியில்லை. இந்நேரம் கௌதம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், முப்பது வயதுகூட ஆகவில்லை, தினமும் கிளம்பிய பத்து நிமிஷத்தில் கண்ணுக்கு மறைந்துவிடுவான். "அண்ணா, நீங்க வர்றதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிப்பேன்" என்பது அவன் தினசரி வசனம். இன்று அவன் பின்னால் வருகிறான். காலையிலேயே கையைக் காட்டி, "நீங்க முன்னாடி போங்கண்ணா" என்றான். சிகாமணி மெதுவாகப் போனால் மெதுவாக வருகிறான், நின்று தண்ணீர் குடித்தால் நிற்கிறான். அவன் மட்டுமா. சிகாமணி சந்தேகத்தோடு லேசாகத் திரும்பிப் பார்த்தான். முப்பத்தேழு பேரும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார்கள், வரிசையாக, பேச்சில்லாமல். பாட்டுப் போடும் ஆள்கூடப் பாட்டுப் போடவில்லை. எல்லோர் கண்ணும் அவன்மேல் இருந்தது, அவன் திரும்பியதும் தரைக்குப் போனது. ஏழு நாளாகக் கடைசி ஆளாக வந்து சேர்ந்தவனை இன்றைக்கு முன்னால் விட்டுவிட்டு எல்லோரும் பின்னால் வருகிறார்கள் என்றால் அது எதற்கு? விழுந்தால் தூக்குவதற்கு. கழுத்துக்குப் பின்னால் அத்தனை கண்ணும் ஊர்வதுபோல் இருந்தது. நாற்பது பேருக்குத் தெரிந்தது பெற்றவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது, மூச்சு வாங்கியதில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. எனக்கு வேண்டாம் இந்த மரியாதை. பழையபடி என்னைக் கிண்டல் செய்யுங்கள். முருகா, அவளுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும், தொடை நீலம் சைக்கிளில் விழுந்ததாகவே இருக்கட்டும். வேறு எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், வேறு யாருக்காக இருந்தாலும் இருக்கட்டும். இப்படி வேண்டிக்கொண்டதை அவனே கவனித்தான். கவனித்தும் திருத்திக்கொள்ளவில்லை. வேண்டியது வேண்டியதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

காவல்கிணறு விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் வேன் நின்றுகொண்டிருந்தது. வேனுக்கு வெளியே சிஸ்டர். வெள்ளைப் புடவையைக் காற்று இழுக்க, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் அவனுடைய போனை உயர்த்திக் காட்டினார்கள். போனின் பச்சை உறை தூரத்திலிருந்தே தெரிந்தது. அவ்வளவுதான், நாற்காலி வந்துவிட்டது. சிகாமணி பிரேக்கைப் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எட்டு நாளில் மிதிக்காத வேகத்தில் மிதித்து, "சிகாமணி, நில்லுங்க" என்ற குரலைத் தாண்டி, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். போய்க்கொண்டே இருந்தால் சொல்ல முடியாது. கன்னியாகுமரிவரை இப்படியே போய்விட்டால், அதற்கப்புறம் கடல். டிக்கெட் இல்லாதவர்கள் கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார்கள். தட்டத் தட்டத் திறக்க மாட்டார்கள். வெளியே காத்து நிற்பான் சிகாமணி, எவ்வளவு நேரம் உள்ளே இருப்பான் பார்க்கலாம் என்று. உள்ளே இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வேன் பின்னால் வந்து, பக்கத்தில் வந்து, அவனைத் தாண்டிப்போய்க் குறுக்கே நின்றது. சிகாமணி காலை ஊன்றினான். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். தலைக்கு மேலே ஒரு காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"கையைக் காட்டினா நிக்க மாட்டீங்களா?" சிஸ்டர் இறங்கி வந்தார்கள்.

"சொல்லிடுங்க சிஸ்டர்."

"என்னத்தை?"

"எனக்குத் தெரியும். துணியப் பாத்துட்டேன். நெறைக்கு என்ன ஆச்சு, சொல்லிடுங்க."

சிஸ்டர் புரியாமல் பார்த்தார்கள். "நெறைக்கா? நெறைக்கு என்ன, ஒண்ணுமில்ல. ரிப்போர்ட் வந்துடுச்சு, ரத்தம் சுத்தமா இருக்கு. காய்ச்சல் சும்மா வந்த காய்ச்சல். தொடையில இருக்கறது ஹேண்டில்பார் இடிச்சதாம். உங்க வீட்டம்மா இப்பதான் கூப்பிட்டாங்க, அதைச் சொல்லத்தான் கத்துனேன்."

"அப்பாடா" என்றான் சிகாமணி.

மெதுவாகச் சொல்லவில்லை. நெஞ்சிலிருந்து சத்தமாக வந்தது, வயலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். சிரித்தான். பக்கத்தில் நின்ற கௌதமின் தோளில் ஓங்கித் தட்டினான். தோசை ஓரம், சுருட்டை முடி, ரயில்வே குவார்ட்டர்ஸ் ஜன்னல் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தன. தில்லையின்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது, ஐந்தரைக்கு இரண்டு தடவை சாப்பிட்டீர்களா என்று கேட்டால்தான் என்ன, பத்துத் தடவை கேட்கட்டும். "உசிரே போயிடுச்சு சிஸ்டர். முட்டையை உரிச்சுக் குடுத்து, போனைப் புடுங்கி, தொம்மைக்கு முட்டி வலின்னு கதை சொல்லி... அப்புறம் எதுக்குத்தான் அந்தத் துணியை மறைச்சீங்க" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. கௌதம் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழுமலை வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். நாங்குநேரியிலிருந்து முப்பது கிலோமீட்டராக அவன் முதுகுக்குப் பின்னால் வந்தவர்கள் யாரும் அவனைப் பார்த்துக்கொண்டு வரவில்லை என்பது சிகாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் கை தானாகப் பின்னால் போய், ஊக்குக்குக் கீழே துணியைத் தொட்டது.

"விடியறதுக்குள்ள" என்றார்கள் சிஸ்டர். "தூக்கத்துலயே. வீட்லதான்."

சிகாமணியின் கை துணியிலேயே இருந்தது.

"தொம்மைதான் சொல்லிட்டுப் போனாரு. 'அண்ணாச்சிகிட்ட இப்பம் சொல்லாதீங்க சிஸ்டர். பயந்த மனுஷன். கேட்டா அங்கனயே உக்காந்துருவாரு. எம்பிள்ள பேரு கன்னியாகுமரி போய்ச் சேரட்டும், பொறவு சொல்லுங்க'ன்னாரு. நெறைமதி பேரை அவரே கழட்டி, மடிச்சு, என் கையில குடுத்தாரு. எம்பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்து வாங்கிக்கிடுதேன், யாருக்கும் குத்தாதீங்கன்னு சொன்னாரு." சிஸ்டரின் குரல் அதுவரைக்கும்தான் தாங்கியது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ஏறுங்க, வெயில் வருது" என்றார்கள், பழைய குரலில்.

கன்னியாகுமரிக்கு இன்னும் இருபது கிலோமீட்டர். சிகாமணி முன்னால் போனான். காற்று குறையவில்லை. கழுத்துக்குப் பின்னால் கண்கள் இல்லை இப்போது, அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிட்டது. பையனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தொம்மை முதல் நாளே சொன்னான். "கடல்காத்துல இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணாச்சி. நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன், அவன்தான் நீங்க போங்கப்பா, நான் கன்னியாகுமரிக்கு வாறேம்னு அனுப்பி வச்சான்." எந்த டாக்டர் அப்படிச் சொல்லுவார்? வார்டில் இரண்டரை வருஷம் கிடந்தவனுக்கு, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? முட்டையைச் சந்தேகப்பட்டான், ஊக்கைச் சந்தேகப்பட்டான், பெண்டாட்டி சாப்பிட்டீர்களா என்று கேட்டதைச் சந்தேகப்பட்டான், அந்த ஒன்றை மட்டும் அப்படியே நம்பிக்கொண்டான். நம்புவதற்குச் சுலபமாக இருந்தது, அடுத்தவன் பிள்ளை. அப்புறம் அந்த அப்பாடா. நாற்பது பேர் முன்னால், அந்தப் பிள்ளையின் பெயரை முதுகில் வைத்துக்கொண்டு சொன்ன அப்பாடா. அதைச் சொன்னது தான்தான், வேறு யாரும் இல்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு மணப்பாட்டில் தொம்மையின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். சொல்லலாமா? சொன்னால் தொம்மை என்ன செய்வான்? அடிக்க மாட்டான். "இருக்கத்தான அண்ணாச்சி செய்யும்" என்பான். அடித்தால்கூடத் தேவலை. நிறைமதி நன்றாக இருக்கிறாள் என்ற சந்தோஷம் இந்த நேரத்திலும் உள்ளே ஒரு மூலையில் குறுகுறுவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஊக்கு குத்தியது. கழற்றிச் சரிசெய்யச் சொல்லலாம், சொல்லவில்லை.

சாலையோரம் ஓலை வேய்ந்த கொட்டகை ஒன்றில் ஒரு அம்மாள் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது, சிகாமணி கால் ஊன்றி நின்றான். அவள் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவன் குடிக்கும்போது பின்பக்கமாக எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினாள்.

"ரெ... மி... இது என்ன பேருய்யா, வாயிலயே நுழையல?"

"ரெமிஜியுஸ்" என்றான். "மணப்பாடு தொம்மை மகன். ரெமிஜியுஸ்."

அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தடவை சரியாக வந்தது. "சீக்காளிப் புள்ளையளுக்காவ ஓட்டுதீங்கன்னு நேத்தே சொன்னாவ. புள்ளைக்கு இப்பம் எப்படி இருக்கு?"

சிகாமணி சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். பின்னால் கௌதம் நின்றுகொண்டிருந்தான், மற்றவர்களும் வந்து நின்றார்கள், எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கன்னியாகுமரிக்குப் போய்க்கிட்டு இருக்கான்மா" என்றான்.

"போட்டும், நல்லாப் போட்டும்" என்று அவள் நுங்கு வெட்ட உட்கார்ந்தாள். சிகாமணி ஏறி மிதித்தான்.